ஆற்றுப்படுத்தும் கல்வி

ஆங்கிலத்தில் ‘கவுன்சிலிங்’ என வழங்கும் துறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உள்ளன. ‘மனநல ஆலோசனை’ என்பது ஒன்று. ‘ஆற்றுப்படுத்துதல்’ என்பது மற்றொன்று. முன்னதைச் செய்தித்தாள்களிலும் மருத்துவமனைப் பலகைகளிலும் காண்கிறோம். பின்னது கல்லூரிகளிலும் தொண்டு அமைப்புகளிலும் வழங்கி வருகிறது. இரண்டனுள் எது பொருத்தமானது என்று கேட்டால், பின்னதே என்பது என் துணிபு. ‘ஆறு’ என்பதற்கு வழி என்று பொருள். ஆற்றுப்படுத்துதலாவது வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகவே அமைந்திருத்தலை நாம் அறிவோம். அவற்றுள் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் பற்றியவை, வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் தன்னையொத்த கலைஞனுக்கு வழி கூறும் பாங்கில் அமைந்தவை. வழி கூறுபவன் அவ்வழியில் நடந்தவன்; எதிரே வருபவனின் பசியைத் தானும் பசித்து அறிந்தவன். அன்றியும், ‘ஆற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் தணித்தல் என்றும் பொருள் உண்டு. கொதிக்கும் பாலை ஆற்றுகிறோம். கொதிக்கும் மனத்தையும் ஆற்றுகிறோம்.

இத்துணைப் பொருள் செறிந்த பெயரையுடைய கல்வியில், உளவியலின் அரிச்சுவடியும் அறியாதவனாய், என்னுடைய 42ஆம் வயதில் நான் சேர்ந்தேன். நான் கற்றது வரலாறு. 2001இல் நெல்லைச் சீமைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பட்டம் பெற்றேன். பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி, 2004இல் தில்லி வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தேன். 2023 தொடக்கத்தில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, அறிந்தவர் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: “வரலாறு படித்தவருக்கு உளவியலில் என்ன வேலை?” எங்கள் பிரிவு அலுவலர், “இதனால் பதவி உயர்வு உண்டா?” என்று வினவினார். இல்லை என்றேன். என் மனைவியோ, “ரிட்டயர் ஆக இன்னும் பதினெட்டு வருஷம் கிடக்கு; அதுக்குள்ள ரெண்டாவது உத்தியோகம் தேடுதீங்களா?” என்று நகைத்தாள். அக்கேள்விகளுக்கு அன்று நான் கூறிய விடைகள் சுருக்கமானவை. சற்றே முழுமையான விடையைக் கூற இங்கு முயல்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படிப்பை எண்ணிப் பார்க்கும் ஆசிரியைகளும் செவிலியரும் இல்லத்தரசிகளும் இருக்கின்றனர். அவர்களுக்கு இது பயன்படுமாயின் மகிழ்வேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஆச்சி ஒருவர் வந்து சேர்ந்தார். கணவர் மறைந்தபின் மகன் ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தார். தாமிரபரணிக் கரையில் அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவருக்குத் தில்லியின் குளிர் புதிது, இந்தி புதிது, பகலெல்லாம் சாத்திக் கிடக்கும் கதவு அதனினும் புதிது. சில மாதங்களில் ஊணும் உறக்கமும் குறைந்து அவர் மெலிந்தார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருமகள் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றிருக்க, பன்னிரண்டு வயதுப் பேரன் மருத்துவரின் அறைக்குள் உடன் சென்றான். என்ன செய்கிறது என்று மருத்துவர் இந்தியில் கேட்டார். “வயிறு எரியுது” என்றார் ஆச்சி. பேரன் தில்லியில் பிறந்து வளர்ந்தவன். சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்தான்: “பேட் மே ஜலன் ஹை.” அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை பதினைந்து நாள்களுக்கு எழுதித் தரப்பட்டது.

தமிழச்சிக்கு வயிறு எரிவது எதனால் என்பது நமக்குத் தெரியும். கணவர் கட்டிய வீட்டை ஊரில் உறவினர் விலை பேசிவிட்டனர்; ஆச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதனை ஒரு மாலையில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து கூறினார். “அவுக கட்டுன வீடுய்யா. கடைசி வரைக்கும் அந்தத் திண்ணையில உக்காந்துட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே!” என்றார். அன்று அவர் இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். நானும் என் மனைவியும் பேசியது மிகக் குறைவு. மறுநாட் காலை எங்கள் கதவைத் தட்டி, “நேத்து ராத்திரி கண்ண மூடுனேன்ய்யா” என்று சொல்லிப் போனார்.

இதனைப் பெருஞ்செயலாக நான் கருதவில்லை. நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் நடந்து வந்ததே இது. ஆயினும், அந்நிகழ்ச்சி என்னுள் வினாக்கள் சிலவற்றை எழுப்பியது. துயரத்தைக் கூறத் தமிழர் உடலையே மொழியாகக் கொள்கின்றனர். நெஞ்சு அடைக்கிறது, குலை நடுங்குகிறது, ஈரக்குலை பதறுகிறது, மனம் பாரமாய் இருக்கிறது, தலை கனக்கிறது என்கிறோம். இம்மொழியை அறியாத ஊரில் இவற்றைக் கேட்டுப் பொருள் கொள்பவர் யார்? இது முதல் வினா. அம்மாலையில் ஆச்சிக்கு உறக்கம் தந்தது எது? அது தற்செயலா, அன்றி அதற்கும் ஓர் இலக்கணம் உண்டா? இது இரண்டாம் வினா. மூன்றாவது வினாவே என்னை மிகவும் அலைக்கழித்தது. அவருக்கு வந்தது வருத்தமாயிராமல் நோயாக இருந்திருப்பின், இருவர் அமர்ந்து கேட்டிருந்தது போதுமா? வருத்தம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய நல்ல மனம் மட்டும் போதாது, கல்வி வேண்டும். இவ்வெண்ணமே என்னை விண்ணப்பப் படிவத்தின்பால் செலுத்தியது.

முதுகலைக்கு வாயில்கள் பலவாறாக உள்ளன. சில பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் உளவியலைப் பயின்றோரையே ஏற்கின்றன. சிலவோ, எந்தப் பட்டமாயினும் நுழைவுத் தேர்வில் தேறினால் போதும் என்கின்றன. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நான் சேர்ந்தபோது, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருப்பதையே தகுதியாக வைத்திருந்தது. படிப்பு மொத்தம் 64 ‘கிரெடிட்’. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. எழுத்தனாகிய நான் பெருக்கிப் பார்த்தேன்: 1,920 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டுமாயின், ஞாயிறும் தீபாவளியும் உட்பட, நாள்தோறும் இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று மேல். விடியற்காலை ஒன்றரை மணி நேரம், மெட்ரோ இரயிலில் முக்கால் மணி நேரம், எஞ்சியது இரவில் எனப் பங்கிட்டுக் கொண்டேன். அலுவலகத்தின் முன் அனுமதியைப் பெற்றேன். 1972ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் கல்வி விடுப்பு என்று ஒன்று உண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்குப் பணிக்காலம் முழுமைக்கும் 24 மாதங்கள் வரை வழங்க அவ்விதிகள் இடந்தருகின்றன. தொலைநிலைக் கல்விக்கு அது வேண்டியிருக்கவில்லை. தேர்வு நாள்களுக்கு ஈட்டிய விடுப்பே போதியதாயிற்று.

வேற்றுத் துறையினன் என்னும் கூச்சம் எனக்கும் இருந்தது. இத்துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியதும் அது நீங்கிற்று. தொழில்வழி காட்டும் பணிக்கு அமெரிக்காவில் முன்னோடி எனப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ், பொறியியல் கற்று, பின்னர் வழக்கறிஞரானவர். 1908இல் பாஸ்டன் நகரில் இளைஞர்க்குத் தொழில் தேர ஆற்றுப்படுத்தும் நிலையத்தை அவர் தோற்றுவித்தார். ஆற்றுப்படுத்தும் துறைக்கே புதுநெறி வகுத்த கார்ல் ரோஜர்ஸ், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தது வேளாண்மையில். 1924இல் பட்டம் பெற்றது வரலாற்றில். அதன்பின் சிறிது காலம் சமயக் கல்வி. அதற்கும் பின்னரே உளவியல். ‘என் துறைக்காரர்’ என்று அவரை உரிமையோடு எண்ணிக்கொண்டேன். மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்த எரிக் எரிக்சன் ஓவியராக அலைந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே, பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கியவர். காந்தியடிகள் 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்க்காக நடத்திய போராட்டத்தை ஆராய்ந்து 1969இல் நூல் எழுதியவரும் அவரே. நம் நாட்டில் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ் அடிப்படையில் மருத்துவர். இவர்கள் யாவரும் வேறு வாயில் வழியே இத்துறைக்குள் வந்தவர்கள். ஆனால் வந்தபின் எவரும் கல்லாமல் இருந்தாரல்லர் என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும்.

எரிக்சன் கூறும் ஏழாவது பருவம் நடுவயதுக்குரியது. அடுத்த தலைமுறைக்கு ஏதேனும் ஆக்கித் தரும் ஊக்கமா, அன்றித் தேக்கமா என்பதே அப்பருவத்தின் போராட்டம் என்பார் அவர். இருபது ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்து கோப்பு எழுதி வந்தவனுக்கு இதனை விளக்கப் பேராசிரியர் தேவையில்லை.

முதலாண்டுப் பாடங்கள் எளியவை அல்ல. அறிதலும் நினைவும், வாழ்நாள் வளர்ச்சி, ஆளுமைக் கோட்பாடுகள், சமூக உளவியல், ஆய்வு முறைகள், புள்ளியியல் என ஆறு தாள்கள், அவற்றோடு செய்முறை. உளவியலைப் பயிலாதவர்க்கு இவற்றுள் எது அச்சம் தருவது என்று கேட்டால், பெரும்பாலோர் புள்ளியியலையே கூறுவர். பள்ளியில் விட்ட கணக்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எடுப்பது கடினந்தான். எனக்குத் துணைநின்றவள் பதினோராம் வகுப்பில் இருந்த என் மகள். திட்ட விலக்கத்தை நான் ஐந்து முறை வாசித்தும் பிடிபடாதிருந்தபோது, அவள் ஒரு தாளை எடுத்து, “அப்பா, கிளாஸ்ல எல்லாரும் அம்பது மார்க் வாங்கினாலும் சராசரி அம்பது. பாதிப் பேர் நூறு, பாதிப் பேர் சைபர் வாங்கினாலும் சராசரி அம்பது. ரெண்டு கிளாஸும் ஒண்ணா?” என்றாள். அவ்வளவே, விளங்கிவிட்டது. சராசரி மனிதரைப் பற்றிப் பேசும் அறிவியல், சராசரியினின்று ஒவ்வொருவரும் எவ்வளவு விலகி நிற்கின்றனர் என்பதையும் அளந்தாக வேண்டும் என்னும் உண்மை எனக்கு அன்று புலனாயிற்று. அலுவலகத்தில் ஆண்டறிக்கைக்குப் பட்டியல் போடும்போது அதனை மறவாதிருக்க முயல்கிறேன்.

செய்முறைத் தாளில் நினைவாற்றல் சோதனையும் ஆளுமைச் சோதனையும் உண்டு. ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடிய உருப்படிகள் ஏறக்குறைய ஏழு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கோப்பு எண்களை வாயில் முணுமுணுத்தவாறே பதிவறைக்கு நடக்கும் எழுத்தர்கள் அதனை அனுபவத்தால் அறிவார்கள். புதுத்துறையில் நுழைபவர் இவ்வாறு தம் வாழ்க்கையில் கண்டவற்றோடு பாடத்தைப் பொருத்திப் படிப்பின், பாடம் விரைவில் தங்கும். இளைஞரைக் காட்டிலும் நமக்குள்ள நன்மை அது ஒன்றே, அதனை இழத்தலாகாது.

புள்ளியியலைக் காட்டிலும் கடினமானது இரண்டாமாண்டில் வந்தது. ஆற்றுப்படுத்தும் உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டோர்க்குப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. எங்கள் குழுவில் ஒரு செவிலியர், வங்கி ஊழியர் ஒருவர், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், இரண்டு இல்லத்தரசிகள், கல்லூரியிலிருந்து நேரே வந்த மூன்று இளைஞர் இருந்தோம். இருவர் இருவராக அமர வைத்தார்கள். ஒருவர் தம் கவலை ஒன்றைக் கூற வேண்டும், மற்றவர் பத்து நிமிடம் கேட்க வேண்டும், அறிவுரை கூறலாகாது. படைவீரர் இரண்டாம் நிமிடத்திலேயே எழுந்து, “இதற்கு வழி நான் சொல்கிறேன்” என்றார். அறை முழுவதும் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. “வழி அவரிடமே இருக்கிறது. அதை அவர் கண்டுகொள்ளும் வரை உங்களால் உடன் இருக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அறிவுரைக்கு நம் வீடுகளில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. தேர்வில் தோற்ற பிள்ளைக்கு மாமா கூறுவார்; மணமுறிந்த பெண்ணுக்கு அத்தை கூறுவார்; வேலை இழந்தவருக்கு இரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்தவரும் கூறுவார். எல்லாம் அன்பினால் கூறப்படுவனவே. எனினும், கூறுபவரின் மனம் இலேசாகிறதே ஒழியக் கேட்பவரின் பாரம் குறைவதில்லை. ரோஜர்ஸ் தமது 1942ஆம் ஆண்டு நூலில், நாடி வருபவரை நோயாளி என்னாது ‘கிளையன்ட்’ என்று குறித்தார். அறிவுரையும் வற்புறுத்தலும் பயன் தருவன அல்ல என்பது அவர் கண்ட முடிவு. பிறர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத உண்மை ஆகிய மூன்றையும் பின்னாளில் அவர் வற்புறுத்தினார். படிக்கும்போது இவை நீதிநூற் கருத்துகளாகத் தோன்றும். பழகும்போது, சிலம்பமும் வீணையும் போல நாள்தோறும் பயின்றாலன்றிக் கைவராத கலைகள் என்பது தெரியவரும். அவர் கூறியதை நம் சொற்களில் திருப்பிக் கூறிச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்டல், இடையில் நேரும் மௌனத்தைப் பொறுத்தல், அழுகையைத் தடுக்காதிருத்தல், ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்னும் குற்றச்சாட்டுக் கேள்வியைத் தவிர்த்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பயில வேண்டியவை.

எழுத்தர் தொழில் இக்கலைக்குத் துணையா தடையா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். இரண்டும்தான். ஒரு கோப்பை அடிமுதல் நுனிவரை படித்து, யார் எப்போது என்ன எழுதினார் என்று வரிசைப்படுத்தும் பழக்கம் பெருந்துணை. மறைபொருளைக் காக்கும் பழக்கமும் அவ்வாறே. ஆனால், கோப்பு என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. குறிப்பு எழுதி, ஒப்பம் பெற்று, கட்டி வைத்துவிடலாம். மனிதரின் துயரை அவ்வாறு கட்டி வைக்க இயலாது. சென்ற வாரம் தெளிந்தவர் இந்த வாரம் மீண்டும் கலங்கி வருவார். அதனை ‘நிலுவை’ என்று எண்ணாதிருக்கப் பழகுவதே எழுத்தருக்கு முதற்பயிற்சி.

களப்பயிற்சியில் மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் பலரைச் சந்தித்தேன். அங்குக் கேட்டவற்றை இங்கு எழுதுவதற்கில்லை. எழுதாதிருத்தலே இக்கல்வியின் முதற்கடமை. பொதுவாக ஒன்று கூறலாம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கவலைகள் பெரும்பாலும் நாம் அறிந்தவையே. தாத்தா பேசும் தமிழ் பேரனுக்குப் பாதி புரிகிறது. பேரன் பேசும் இந்தி தாத்தாவுக்குப் புரியவே இல்லை. இருவருக்கும் இடையில் நிற்கும் பெற்றோர் இரு தரப்புக்கும் தூதராகிக் களைத்துப் போகின்றனர். திருமணமாகி வந்த பெண் பேசுவதற்கு ஆளின்றிச் சுவரைப் பார்த்திருக்கிறாள். ஓய்வுபெறும் நாள் நெருங்குகையில், அரசு வீட்டைச் சில மாதங்களில் காலி செய்தாக வேண்டும், ஊரில் வீடில்லை, இங்கும் வீடில்லை, பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கின்றனர். ‘எது நம் ஊர்?’ என்னும் கேள்வி அறுபதாம் வயதில் வந்து கதவைத் தட்டுகிறது. இவை நோய்கள் அல்ல. ஆயினும், கேட்பாரின்றி உள்ளே கிடந்தால் நோயாகக் கூடியவை.

பட்டம் தருவது எது, தராதது எது என்பதையும் புதிதாகச் சேர விரும்புவோர் தெளிவாக அறிதல் வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் பதிந்தவர். முதுகலைப் பட்டம் மட்டும் பெற்றவர் இவ்விருவரும் அல்லர். 1974இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவான பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்கு எவரை எப்போது அனுப்ப வேண்டும் என்று அறிந்து அனுப்புதலும் ஆற்றுப்படுத்துவோர் கடமையே. உண்மையில், பழைய ஆற்றுப்படைக்கு மிக நெருங்கிய செயல் அதுதான். ‘என்னால் இவ்வளவே இயலும், இதற்கு மேல் இன்னாரிடம் செல்க, வழி இது’ என்று கூறத் தெரியாதவர் இத்துறைக்கு ஏற்றவர் அல்லர்.

இனி, மனத்துக்கு வருத்தம் தரும் ஒரு செய்தியைக் கூற வேண்டும். நான் நுழைந்த வாயில் இன்று மூடப்பட்டுவிட்டது. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் தேசிய ஆணையச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் வரம்புக்குள் உளவியலும் வருகிறது. அதனையொட்டி, 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ கற்பித்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு பணித்தது. அதே 2025இல் அக்குழு வெளியிட்ட வேறொரு விதிமுறையோ, இளங்கலையில் எதனைப் பயின்றவராயினும், ஒரு துறையின் நுழைவுத் தேர்வில் தேறினால் அத்துறையின் முதுகலையில் சேரும் தகுதி உடையவர் என்கிறது. ஒரே ஆண்டில் ஒரு கதவு திறந்தது. ஒரு கதவு அடைத்தது. திறந்த கதவு பகலில் கல்லூரிக்குச் செல்லக் கூடியவர்க்கு உரியது. அடைத்த கதவு, பகலில் பணிக்குச் செல்வோர்க்கும், வீட்டை விட்டு அகல முடியாதோர்க்கும், சிற்றூர்களில் இருப்போர்க்கும் உரியதாயிருந்தது.

எங்கள் குடியிருப்பில் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். என் பாடநூல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து வந்தவர். மகனின் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சேர வேண்டும் என்று காத்திருந்தவர். மகன் தேறினான், கதவு அடைபட்டது. அவருக்கு நான் என்ன ஆறுதல் கூறுவது? அரசின் ஆணையில் நியாயம் இல்லை என்று என்னால் கூற இயலவில்லை. மனத்தைத் தொடும் தொழிலை அஞ்சலில் வரும் புத்தகத்தால் மட்டும் கற்றுவிட முடியாது. கண்முன் ஒருவர் இருந்து திருத்த வேண்டும். களப்பயிற்சியில் மேற்பார்வையாளர் எனக்குக் கற்பித்ததை எந்தப் பாடநூலும் கற்பித்திராது. ஆனால், நாற்பது வயதுப் பெண்மணிக்கு மாலை வகுப்பும் விடுமுறைப் பயிற்சியும் ஏற்படுத்தித் தரும் கல்லூரிகள் பெருகிய பின்னர் இக்கதவை மூடியிருக்கலாம் என்று கூறும் உரிமை எனக்கு உண்டு. மருந்துக்கும் மருத்துவருக்கும் தட்டுப்பாடுள்ள நாட்டில், கேட்பதற்கு ஆயத்தமாய் நிற்கும் காதுகளைத் திருப்பி அனுப்புதல் பேரிழப்பு.

ஆகவே, இப்போது சேர விரும்புவோர்க்கு நான் கூறுவன சிலவே. நேரடி வகுப்பு நடத்தும் கல்லூரியையே நாடுங்கள். சேரும் முன், அப்படிப்பு எந்தப் பதிவுக்கு உரியது, மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி எத்தனை மணி நேரம் என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டறியுங்கள். சில வாரங்களில் ‘நிபுணர்’ ஆக்குவதாகக் கூறும் சான்றிதழ்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு முன்பே அடிப்படை உளவியலும் புள்ளியியலும் படிக்கத் தொடங்குங்கள். வேற்றுத் துறை என்று கூசாதீர்கள். அதே வேளையில், ‘எனக்கு மனிதரைத் தெரியும், படிப்பு எதற்கு?’ என்றும் எண்ணாதீர்கள். இரண்டும் ஒரே குழியின் இரு கரைகள்.

பட்டம் இல்லாதோர் இப்பணியில் பங்கு கொள்ளவே முடியாதா என்றால், முடியும். 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் தற்கொலை எண்ணம் கொண்டோரின் குரலைக் கேட்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். தம்மைக் காணக் காத்திருந்தவர்கள், தேநீர் தந்து உடன் அமர்ந்திருந்த தொண்டர்களிடமே மனம் திறந்து பேசி ஆறுதல் பெற்றதை அவர் கண்டார். அவ்வமைப்பு தொண்டர்களாலேயே வளர்ந்தது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘ஸ்நேகா’வும் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே இயங்கி வருகிறது. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

அதனினும் ஒரு படி மேலே சென்று ஒன்றை வேண்டுகிறேன். நம் சங்கத்தில் நூலகத்துக்கு அறை உண்டு. இசைக்கு மேடை உண்டு. பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் குழுக்கள் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு நாற்காலிகள் இடுமளவான ஒரு சிறு அறை, தமிழில் கேட்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர், அவருக்கு மேற்பார்வை தர ஒரு மனநல மருத்துவர் என இவ்வளவும் அமையுமாயின், பேரனின் மொழிபெயர்ப்பை நம்பி மருத்துவமனை செல்லும் முதியோர் இங்கு முதலில் வருவர். பட்டம் பெற்ற என்னைப் போன்றோர் ஊதியமின்றி மாலை நேரத்தைத் தர ஆயத்தமாய் இருக்கிறோம். உளவியலில் விருப்பமுள்ள நம் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் முறையான கல்லூரிகளில் சேர்ந்து பயிலச் சங்கம் ஆண்டுக்கு ஓர் உதவித்தொகை வழங்குமாயின், பத்தாண்டுகளில் இந்நகரத்தில் தமிழறிந்த ஆற்றுப்படுத்துநர் பலர் இருப்பர்.

திருக்குறளில் ‘கேள்வி’ என்பது 42ஆம் அதிகாரம். நான் இக்கல்வியில் சேர்ந்ததும் 42ஆம் வயதில். இது வெறும் ஒப்புமை. பெருமைப்பட ஏதும் இல்லை. அங்கு வள்ளுவர் பேசுவது கற்றறிந்தோரிடம் கேட்டலைப் பற்றி. இத்தொழிலில் நாம் கேட்பதோ துயருற்றோரிடம். ஆயினும், தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே சொல் வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும், உறவினரையும் நண்பரையும்கூடக் குறிக்கும். செவிமடுப்பவரே உறவினர் என்று நம் முன்னோர் கருதினர் போலும். ஊரை விட்டு வந்த நமக்கு, உறவினர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கின்றனர். அவர்தம் இடத்தில் ஒருவருக்கொருவர் கேளாக அமைதல் நம் கையில்தான் உள்ளது. அதனை முறையாகக் கற்றுக்கொள்ளவும் முடியும்.